வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

நெருப்புக்குப் பிறகு மனிதகுலம் கண்டுபிடித்த ஒரே உருப்படியான விஷயம் வெள்ளிக்கிழமை விடுமுறைதான் என்று சிகாமணி அறிவித்தார். வாரத்துக்கு நான்கு நாள் வேலை போதும் என்று அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்த தினம் அது. முதல் வெள்ளியன்று குடும்பத்தோடு கோவிலுக்குப் போகும் வழியில், பூட்டிக் கிடந்த அலுவலக வாசலில் தன் செக்‌ஷனில் மூத்தவரான தேவசகாயத்தைப் பார்த்தார். அவர் அணைந்து கிடந்த வருகைப்பதிவு மெஷினில் கட்டைவிரலை அழுத்திவிட்டு, படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்.

“என்ன சார், வீட்ல துரத்திட்டாங்களா?”

“அப்படியெல்லாம் இல்ல தம்பி. நான் இல்லன்னா அவங்களுக்குக் கொஞ்சம் காத்தோட்டமா இருக்கும்.”

திங்களன்று சிகாமணி இதை பீரோவில் விரல் வைத்து நடித்துக் காட்டினார். செக்‌ஷனே சிரித்தது. தேவசகாயமும் சிரித்தார்.

இரண்டாம் வெள்ளி சிகாமணி சமையலறை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினார். மூன்றாம் வெள்ளி மகள் போனில் பேசுவதை நிமிடக் கணக்கில் குறித்து வைத்தார். நான்காம் வெள்ளி காலையில் மனைவி மூன்றடுக்கு கேரியரைக் கொண்டுவந்து அவர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இன்னைக்கு லீவுடி.”

“தெரியுங்க. ராத்திரிக்கும் சேர்த்து வெச்சிருக்கேன்.”

அலுவலக வாசலில் தேவசகாயம் படியில் நகர்ந்து இடம் விட்டார். உட்காருவதற்கு முன், சிகாமணி கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மெஷினருகே போனார்.