அன்னத்தின் கழுத்து

ராஜாவின் தங்கப் படகை மராமத்துக்காகக் கரையேற்றினார்கள். பின்முனையில் இருந்த சுக்கானைக் கழற்றி, முகப்பில் இருந்த மர அன்னத்துக்கு எதிரே கிடத்தினார்கள். நூறு வருஷமாக ஒரே படகில் இருந்தும் இரண்டும் அன்றைக்குத்தான் ஒன்றையொன்று பார்த்தன.

"அஞ்சு ராஜாக்களைச் சுமந்திருக்கேன். முன்னாலேயே பார்த்துக்கிட்டு இருந்ததில ஒருத்தர் முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கலை. இப்ப இருக்கறவர் எப்படி இருப்பார்?" என்று கேட்டது அன்னம்.

"முதல் ரெண்டு பேர்தான் வந்தாங்க. மூணாவது ராஜாவுக்குத் தண்ணின்னா பயம். அதிலிருந்து கிரீடத்தை வச்சுக்கிட்டு உட்கார்றது அரண்மனைச் சமையல்காரர்தான். இப்ப அவரோட பேரன்" என்றது சுக்கான்.

அன்னத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயையோ! கரையில அத்தனை ஜனம் கும்பிடுதே, அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"ஊருக்கே தெரியும். உனக்குத்தான் தெரியாது."

அடுத்த திருவிழாவில் எக்காளம் ஊதியதும் அன்னத்துக்குத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. மரக் கழுத்து வளையவில்லை.

கரையில் கும்பிட்டுக்கொண்டே ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "அந்தக் கழுத்தைப் பாருய்யா! ராஜாதான் உட்கார்ந்திருக்கார்னு அது இன்னும் நம்பிக்கிட்டிருக்கு."