பொத்தானுக்குத் தூக்கம் சரியில்லை

"கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குது டாக்டர். எனக்கு என்னமோ பயமா இருக்கு."

தையல்காரர் இப்படிச் சொன்னதும் டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதே புகாரோடு அந்த மனிதர் முன்பே ஒரு தடவை வந்து போயிருக்கிறார். கையிலிருந்த சரக்கெல்லாம் தீர்ந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது.

செல்லப்பிராணிகளுக்கான அந்தச் சின்ன கிளினிக்கில் தையல்காரருக்கும் அவர் மனைவிக்கும் 'முயல் ஜோடி' என்றே பெயர். வாரம் தவறாமல் ஆஜராகிவிடுவார்கள். மனைவியின் மடியில் ஒரு கூடை இருக்கும். அதில் துண்டு விரித்து, பொத்தான் என்கிற வெள்ளை முயல் உட்கார்ந்திருக்கும். அந்த அம்மா வாயே திறக்க மாட்டார். புகாரெல்லாம் தையல்காரருடையது. தூக்கத்தில் மூக்கு துடிக்கிறது என்பார். காலை உதறுகிறது என்பார். போன வாரம், நன்றாக நின்றுகொண்டிருந்த முயல் திடீரென்று பக்கவாட்டில் தொப்பென்று விழுந்து, செத்ததுபோல் கிடந்ததாம். சொல்லும்போது அழாத குறை.

டாக்டரம்மாவும் ஒவ்வொரு தடவையும் பல்லைப் பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவைப்பார். வெளியே கால் உடைந்த நாயும் வாந்தியெடுக்கும் பூனையும் காத்துக் கிடக்கும். இன்றைக்கு ஒரு முடிவோடுதான் இருந்தார். இனிமேல் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டியதுதான்.

"இங்க பாருங்க. முயல்னா கண்ணைத் திறந்துதான் பாதி நேரம் தூங்கும். காலை உதறினா கனவு காணுதுன்னு விட்டுடுங்க. தொப்புன்னு சாஞ்சு படுத்தா, இந்த வீட்டுல நம்மள யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு அது நிம்மதியா இருக்குன்னு அர்த்தம். நீங்க சந்தோஷப்படணும்."

"அப்போ எதைப் பாத்து டாக்டர் கவலைப்படணும்?"

கேட்டது மனைவி. அவர் குரலை டாக்டரம்மா இன்றைக்குத்தான் கேட்கிறார்.

"மூலையில ஒடுங்கி உக்காந்துக்கும். சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பாக்காது. புழுக்கை போடாது. பல்லை நறநறன்னு கடிக்கும். கூப்பிட்டா வராது. அப்படி இருந்தா ஒரு வேளைகூடத் தள்ளிப்போடாம தூக்கிட்டு ஓடி வாங்க. மத்தபடி நீங்க இங்க வரவே வேண்டாம்."

அந்த அம்மா மெல்லத் தலையாட்டிவிட்டுக் கூடையோடு வெளியே போனார். தையல்காரர் மட்டும் நகரவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. அவசரமாகச் சவரம் செய்திருப்பார் போல, தாடையில் ஒரு சின்ன வெட்டு.

"வர வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்றார்.

பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பொத்தான் அவர்களுடைய மகள் வளர்த்த முயல். மகள் போன வருஷம் காய்ச்சலில் இறந்துபோனாள். அன்றிலிருந்து மனைவி வாசற்படி தாண்டுவதில்லை. கடைக்குக் கூப்பிட்டாலும் சரி, சொந்த அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டாலும் சரி, அசைந்து கொடுப்பதில்லை. முயலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றால் மட்டும் எழுந்து, தலைவாரிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

"திரும்பிப் போறப்ப பஸ்ஸுல ஜன்னல் பக்கம் உக்காந்து நாலு வார்த்தை பேசுவா டாக்டர். அந்த நாலு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு பொய்யும்."

இப்படியா எரிந்து விழுந்தோம் என்று டாக்டரம்மாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. துண்டை மேஜையிலேயே மறந்துவிட்டதாக அந்த அம்மா திரும்பி வந்திருந்தார். தையல்காரர் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த கூடையை வாங்கி, பஸ் வருகிறதா பார்க்கிறேன் என்று சொல்லி வெளியேறிவிட்டார்.

அந்த அம்மா துண்டை நிதானமாக மடித்தார்.

"அவரைத் திட்டாதீங்க டாக்டர். முயலுக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்கும் தெரியும். எங்க பொண்ணு வளர்த்தப்பவே அது இப்படித்தான் தூங்கும்."

"தெரிஞ்சுமா வாராவாரம் வந்தீங்க?"

"இப்ப நீங்க சொன்னீங்களே, மூலையில ஒடுங்கி, சாப்பாட்டைத் திரும்பிப் பாக்காம, கூப்பிட்டா வராம... அதெல்லாம் எங்க வீட்டுல இருக்கு டாக்டர். முயலுக்கு இல்ல, அவருக்கு. தையல்கடையைத் திறந்தே மாசக்கணக்காச்சு. இங்க வர்ற அன்னைக்குத்தான் அந்த மனுஷன் சவரம் பண்ணிக்கிறாரு. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்?"

டாக்டரம்மா அவரோடு வாசல்வரை நடந்தார். தையல்காரர் படியில் நின்றுகொண்டிருந்தார். கூடைக்குள் பொத்தான் நாலு காலையும் ஒரு பக்கமாக நீட்டி, கண்ணையும் மூடிக்கொண்டு, சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இத்தனை ஆரோக்கியமான முயலை டாக்டரம்மா தன் அனுபவத்தில் பார்த்ததில்லை.

குனிந்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வேண்டுமட்டும் நேரம் எடுத்துப் பார்த்தார்.

"நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். இதுக்குத் தூக்கம் சரியில்லதான்" என்றார். "வாராவாரம் பாத்தே ஆகணும். ஒருத்தர் மட்டும் தூக்கிட்டு வந்தா பத்தாது. ரெண்டு பேரும் வரணும்."