நாலு பேருக்குப் போதும்

மதியச் சாப்பாடு முடிந்ததும், சங்கத் தலைவர் மா ஜோங்சு இன்றைக்கும் பாத்திரம் கழுவும் அறைக்குள் நுழைந்தார்.

"பாத்தியா, மறுபடியும் போறார்," என்றாள் மிரான், சூப் அண்டாவைத் துடைத்தபடி.

"பொண்டாட்டி போய் ரெண்டு வருஷமாச்சு. போகத்தான் செய்வார்," என்று சிரித்தாள் போக்ஜா.

மிரானுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே ஹியாங்வா மட்டும்தான் இருக்கிறாள். சீனாவில் பிறந்து, இங்கே பிழைக்க வந்த கொரிய வம்சாவளிப் பெண். போன வசந்தத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். அவளோடு தலைவருக்கு அப்படி என்ன பேச்சு?

மெல்லக் கதவோரம் போய்க் காதைக் கொடுத்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. தலைவர் எதற்கோ மாட்டேன் என்று தலையாட்டுவது மட்டும் கண்ணாடி வழியே தெரிந்தது.

தென் கொரியாவின் சாங்வோன் நகரில் இருந்த அந்த பஸ் டிப்போவில் ஓட்டுநர்கள் இருநூறு பேருக்கு மேல். கேன்டீனில் இருப்பதோ ஹியாங்வாவோடு சேர்த்து ஐந்தே பெண்கள். கம்பெனியோடு பேசுவது ஓட்டுநர் சங்கம்தான். இவர்களுக்கும் சேர்த்து அதுதான் பேச வேண்டும். போன வருஷம் மறந்துவிட்டார்கள். மிரான் சங்க ஆபீசுக்கே போய்ச் சண்டை போட்டாள்.

இந்த வருஷம் தலைவரே கேன்டீனுக்கு வந்து கேட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்க்கா?"

"தரை சூடாகுற மாதிரி ஒரு ரூம். இந்தக் குளிர்ல சிமென்ட் தரையில உக்காந்து முட்டி மரத்துப்போகுது. பெருசா வேணாம், நாலு பேர் படுத்தா போதும்."

அப்போதிருந்துதான் இந்தப் பாத்திர அறைப் பேச்சு.

மிரான் ஒட்டுக்கேட்ட அன்றே சாயங்காலம் தலைவர் வந்தார். ஹியாங்வாவைத் தவிர மற்ற நால்வரும் அடுப்பை அணைத்துவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ரூம் கிடைச்சிருச்சு. ஆனா வசந்தத்துலதான்."

"ஏன்? குடோன் பக்கத்து ரூம் காலியா இருக்கு, இந்த மாசமே தர்றோம்னு மேனேஜர் என்கிட்டயே சொன்னாரே."

"அதுல நாலு பேர்தான் படுக்கலாம். சுவரை இடிச்சுப் பெருசாக்கினாத்தான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவேன்னுட்டேன். அஞ்சு பேருக்கு."

மிரானுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது.

"ஓ, அவளுக்காகவா? கேட்டது நாங்க. உள்ள போய் அவ கண்ணைக் கசக்கினதும் எங்க குளிர்காலம் போச்சு. நேத்து வந்தவ பேச்சைக் கேட்டுக்கிட்டு..."

"பாத்துப் பேசுங்க அக்கா."

"என்ன பாத்துப் பேசறது? தினமும் அங்க என்ன நடக்குதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அவ கெஞ்சினா, நீங்க இளகிட்டீங்க. இல்லன்னு சொல்லுங்க, பாப்போம்."

தலைவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கெஞ்சினது நிஜம்தான்," என்றார்.

மிரான் மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேனே என்கிற பார்வை.

"நாலு பேருக்குன்னே கையெழுத்துப் போடுங்க, அக்காங்க முட்டி வலியோட நிக்கறதைப் பாக்க முடியல, நான் இங்கயே அடுப்போரமா இருந்துக்குறேன்னு தினமும் கெஞ்சினா. முடியாதுன்னு சொல்றதுக்குத்தான் தினமும் போனேன்."