நறுமுகை அம்மா, யூகேஜி பி

புகாருக்கு மேலே மகளின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். மகளேதான். பக்கத்தில் கொட்டை எழுத்தில், ‘நறுமுகை அம்மா, யூகேஜி பி’.

அதற்குக் கீழே அவளே ஐந்து நிமிடம் முன்பு எழுதியது. ‘பள்ளி வேன் டிரைவர் குழந்தைவேல் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறார். சாயங்காலம் கிட்டே போனாலே நாற்றம் அடிக்கிறது.’

பெயர் சொல்ல வேண்டாம் என்றுதான் அந்தப் புகார்த் தளத்தில் போட்டிருந்தது. அவளும் சொல்லவில்லை. புதுக் கணக்கு, பாஸ்வேர்டு என்று யார் மல்லுக்கட்டுவது? ‘மெசேஜ் கணக்கு வழியாக உள்ளே வரலாம்’ என்றிருந்தது. ஒரே தட்டு. உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கணக்கில் அவள் பெயர் கிடையாது. இந்த ஊரில் எந்த அம்மாவுக்கு இருக்கிறது?

பிள்ளை பெயர், வகுப்பு, போட்டோ மூன்றையும் வையுங்கள், அடையாளம் தெரியட்டும் என்று வேன் குரூப்பில் சொன்னதே டிரைவர் அண்ணன்தான்.

‘நீக்கு’ என்பதை அழுத்தினாள்.

‘உங்கள் கோரிக்கை இரண்டு நாட்களில் பரிசீலிக்கப்படும்.’

நாசமாய்ப் போக.

மணி மூன்றே முக்கால். வேன் பள்ளியை விட்டுக் கிளம்பியிருக்கும். நறுமுகை அதற்குள் இருப்பாள். கடைசி ஸ்டாப் அவளுடையது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் இறங்கிய பிறகு, ஏரிக்கரை ரோட்டில் இரண்டு கிலோமீட்டர், அவளும் அவரும்தான்.

போன் அதிர்ந்தது. வேன் குரூப். யாரோ ஒரு அம்மா அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தாள். ‘இது நம்ம நறுமுகை அம்மாவா?’

வேறு யாரும் வாய் திறக்கவில்லை. நாற்றத்தைப் பற்றி முதலில் இவளிடம் வந்து சொன்னவளும்தான்.

டிரைவருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்காமல் இருப்பது நல்லதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி போட்டாள்.

கட் செய்தார்.

குரூப்பின் மேலே ஒரு வரி தோன்றியது. ‘டிரைவர் அண்ணன் டைப் செய்கிறார்.’

செய்துகொண்டே இருந்தார்.

ஓடுகிற வண்டியில்.

பிறகு குரூப்பில் ஒன்றும் வரவில்லை. அவளுக்கு மட்டும் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“நறுமுகை அம்மா... பாப்பா இன்னிக்கு முன் சீட்டுல என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க.”

பின்னணியில் மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். குரல் குழறுகிறதா? மிரட்டுகிறதா? நிஜமாகவே ஆறுதல் சொல்கிறாரா? ஒன்றும் பிடிபடவில்லை.

குரூப்பைத் திறந்தாள்.

‘அது நான் இல்லைங்க. யாரோ என் கணக்குல புகுந்து எழுதிட்டாங்க. அண்ணன் தங்கமான மனுஷன். அவரை நம்பித்தான் பிள்ளையை அனுப்புறேன்.’

உடனே அதன் மேல் ஒரு கட்டைவிரல் முளைத்தது.

அவருடையது.

வேன் வந்து சேர இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.