கோ அண்ட் கம்

"ஐயோ, இது என்ன இங்கிலீஷுங்க? எல்லாரும் சிரிக்கப் போறாங்க" என்றாள் கண்மணி.

அமெரிக்காவில், எடிசன் நகரில் மகள் ரோஷினி படிக்கும் பள்ளியில் அன்று மாலை நாடகம். நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு கப்பலேறி வந்து, செங்கல் சூளை போட்டுச் சம்பாதித்து, தேர்தலில் நின்று மேயரும் ஆன யாகோப் லிண்ட்னர் வேஷம் அவளுக்கு. பஞ்சுத் தாடி, அப்பாவின் கோட்டு.

வம்பு முதல் வசனத்திலேயே. கப்பலேறும் லிண்ட்னர் தன் அம்மாவிடம் "ஐ ஆம் லீவிங்" என்பதாக டீச்சர் எழுதியிருந்தார். கண்மணியின் கணவன் சந்தானத்துக்குப் பொறுக்கவில்லை. "ஐ வில் கோ அண்ட் கம்" என்று மாற்றிவிட்டான்.

"பெத்தவகிட்ட எவனாவது போறேன்னு சொல்லுவானா? போயிட்டு வரேன்னுதான் சொல்லணும்."

"அது நம்ம ஊர்ல. லிண்ட்னருக்கு என்ன தெரியும்?"

"எந்த ஊரா இருந்தா என்ன, அம்மா அம்மாதானே?"

ஊரிலிருந்து கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில் அவனும் அப்படிச் சொல்லித்தான் அம்மாவின் கையை விட்டான். போய்ப் பார்த்தால் தேவலை என்று மனசு அடித்துக்கொள்ளாத நாளில்லை. ஆனால் சொந்தமாக கன்சல்டிங் கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து லீவு ஏது? ஏப்ரலில் ஸ்கூல் போர்டு எலெக்‌ஷனுக்கு நிற்கும் யோசனை வேறு.

மேடையில் ரோஷினி கணீரென்று சொன்னாள்.

"மதர், ஐ வில் கோ அண்ட் கம்."

பின்வரிசையில் சிரிப்பு. கண்மணி தலையைக் குனிந்துகொண்டாள். சந்தானம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சூளை வந்தது, பணம் வந்தது, மேயர் நாற்காலியும் வந்தது. நாடகம் முடிந்ததும், பார்க்க வந்தவர்கள் மேயரிடம் கேள்வி கேட்கலாம் என்றார் டீச்சர்.

முன்வரிசையிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "மிஸ்டர் மேயர், சொன்னபடி அம்மாவைப் பார்க்கப் போனீர்களா?"

இதற்கு வசனம் யாரும் எழுதித் தரவில்லை. ரோஷினி விழித்தாள், தாடியைச் சொறிந்தாள். வீட்டில் தமிழில் எது கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்லுகிற பெண் அவள்.

சட்டென்று முகம் மலர்ந்து, போன் பேசுவதுபோல் கையைக் காதில் வைத்துக்கொண்டாள். ஞாயிறுதோறும் காலிங் கார்டு போட்டு அப்பா ஊருக்குப் பேசும் அதே குரலில், சுத்தத் தமிழில் சொன்னாள்:

"அடுத்த வருஷம் கண்டிப்பா வரேம்மா."