பேசாத மருமகள்

மனக்கஷ்டத்தைக் கேட்கும் அந்தத் தொலைபேசி மையத்தில் யாரும் யாருடைய பெயரையும் கேட்கக்கூடாது. அங்கே அழைப்புகளை எடுக்கும் அவள் களைத்துப்போய் ஹெட்போனைக் கழற்றப் போகும்போது, வழக்கமாகக் கூப்பிடும் அந்த அம்மா லைனில் வந்தார்.

"சொல்லுங்கம்மா."

"என்னத்தச் சொல்ல? பையன் திடீர்னு ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக் கூட்டிட்டு வந்து ஒரு மாசமாச்சு. மருமக எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. எதைக் கேட்டாலும் தலையாட்டுறா. ரூமுக்குள்ள அவன்கிட்ட மட்டும் குசுகுசுன்னு பேச்சு. ஊமைன்னாக்கூட மனசு ஆறிடும்."

"உங்களைப் பிடிக்காம இருக்காதும்மா."

"என்னமோ போங்க. பெத்த பிள்ளைகிட்ட சொல்லாததையெல்லாம் இத்தனை வருஷமா உங்ககிட்டதான் கொட்டுறேன். நீங்க யாருன்னு தெரியாது, அதனால முடியுது. தெரிஞ்சவங்கன்னா அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"தெரியவே வேண்டாம்மா" என்றாள்.

பஸ்ஸில் நின்றபடியே வீடு வந்து சேர்ந்தாள். கதவு திறந்தது.

"வந்துட்டியாம்மா? சாப்பிடுறியா?"

சற்றுமுன் காதில் கேட்ட அதே குரல். கல்யாணத்தன்று இதே வாசலில் அந்தக் குரல் "வாம்மா" என்றபோதே அது யாரென்று புரிந்து மூடிய வாயை, அவர் முன்னால் அவள் இன்னும் திறக்கவில்லை.

நாளெல்லாம் பேசி வறண்ட தொண்டையில் "சரி அத்தை" வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, தலையை மட்டும் ஆட்டினாள்.