சைலஸ் முணுமுணுத்த மெட்டு

ராக் இசைக்குழு ஒன்றில் கிட்டார் வாசிக்கும் கிளமெண்ட், குழுவினருக்குத் தெரியாமல் வேறொரு பெயரில் பாப் பாடகிகளுக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தான். அவன் எழுதி மிருணா பாடிய பாட்டு ஊரெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், சைலஸின் அம்மா போனில் அழைத்தாள். குழுவில் டிரம்ஸ் வாசித்த சைலஸ் விபத்தில் இறந்து ஒரு வருடமாகியிருந்தது.

"தம்பி, அந்த மிருணா பாட்டு கேட்டியா? அந்த மெட்டு என் புள்ளையோடதுப்பா. குளிக்கும்போதெல்லாம் அதைத்தான் முணுமுணுப்பான்."

கச்சேரிக்குப் போகும் வேனில் சைலஸ் முணுமுணுத்ததைப் பதிவுசெய்து வைத்து, அவன் இறந்தபின் வரிகள் எழுதி விற்றவன் கிளமெண்ட்தான். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான்.

"அம்மா, அது வந்து..."

"மறைக்காதப்பா. அந்தப் பொண்ணு இவனை விரும்பியிருக்கா, அதானே? இல்லேன்னா அவளுக்கு எப்படித் தெரியும்? ஒண்டியாவே போயிட்டானேன்னு ஒரு வருஷமா அழுதுட்டிருந்தேன்." அவள் குரலில் இத்தனை நாள் இல்லாத தெம்பு இருந்தது. "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவ நல்ல பொண்ணா?"

கிளமெண்ட் மிருணாவை ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறான். அன்றும் அவள் வணக்கம் சொன்னதோடு சரி.

"நல்ல பொண்ணும்மா," என்றான்.

"அப்ப ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் வீட்டுக்குக் கூட்டிட்டு வா தம்பி. அவளுக்கு மீன் பிடிக்குமா?"